பாரிஸிலிருந்து முத்தியால்பேட்டைக்கு: நடுவில் ஒரு லவுஞ்ச்

புதுச்சேரிக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும். லாஸ்பேட்டையில் நமக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே உள்நாட்டு விமானம் மட்டும்தான். பாரிஸோ சிங்கப்பூரோ, எங்கே போவதானாலும் சென்னைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விடியற்காலை விமானம் என்றால் முந்தின ராத்திரியே பெட்டியை வண்டியில் ஏற்றியாக வேண்டும். கோட்டக்குப்பம், மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரைத் தூக்கமாகப் போய்ச் சேர்ந்து, பிறகு வரிசை, சோதனை, காத்திருப்பு. திரும்பும்போதும் இதே பாடு, வரிசை மட்டும் தலைகீழ். பாரிஸ் பக்கத்தில் மகள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடிவிடும்.

இந்த ஒரு நாளில் எங்கே குளிப்பது, எங்கே சூடாக ஒரு வாய் சாப்பிடுவது, எங்கே காலை நீட்டுவது? எங்கள் வயதில் பயணத்தைப் பற்றி யோசிக்கும்போது முதலில் வருகிற கேள்விகள் இவைதான். இந்த ஜனவரியில் பாரிஸிலிருந்து திரும்பும் வழியில் விமானம் மாறிய துபாய் விமான நிலையத்தின் முதல் வகுப்பு லவுஞ்சில், அதாவது அடுத்த விமானம் வரும்வரை உட்கார்ந்து ஓய்வெடுக்கும் கூடத்தில், இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கத் தோன்றுகிறது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு குடும்பமாவது பிரான்சுக்கும் இங்கேயுமாகப் போய்வந்துகொண்டிருப்பதால் யாருக்காவது உதவும்.

நான் நெடுங்காலம் மெஸ் நடத்தியவன். காலையில் டிபன், மத்தியானம் சாப்பாடு, ராத்திரி தோசை, இட்லி. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மகளும் மாப்பிள்ளையும் பாரிஸுக்கு வடக்கே ஸார்செலில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலை விஷயமாக அடிக்கடி பறக்கிறவர். அப்படிப் பறந்ததற்காக அவர் கணக்கில் சேர்ந்திருந்த மைல்கள் என்கிற பரிசுப் புள்ளிகளை வைத்து, நாங்கள் ஊர் திரும்புவதற்குத் துபாய் நிறுவனமான எமிரேட்ஸில் முதல் வகுப்பு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். கைக்காசு கொடுத்து வாங்குவதென்றால் நாங்கள் நினைத்தும் பார்க்க மாட்டோம். என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது, இரண்டு வேளை ஊசி. போகும்போது சாதாரண வகுப்பில் கால் இரண்டும் வீங்கி, சாப்பாட்டு நேரம் தப்பி, அவள் பட்ட அவஸ்தையை மகள் விமான நிலையத்திலேயே பார்த்துவிட்டாள். அதனால்தான் இந்த ஏற்பாடு.

லவுஞ்ச் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது கார்டு தேய்த்து நுழைகிற லவுஞ்ச்தான். டெபிட் கார்டில் 2 ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சில வருடங்களாகப் பல வங்கிகள், மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று நிபந்தனை வைத்துவிட்டன. அப்படி ஒரு லவுஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர், எந்த லவுஞ்ச் என்பது வேண்டாம். வாசலில் நீளமான வரிசை, உள்ளே உட்கார இடமில்லை, சாம்பார் பாத்திரத்துக்கு அடியில் நெருப்பு அணைந்திருந்தது. தொழில்காரன் என்பதால் எனக்கு அது உறுத்தியது. சாம்பாரை ஆறவிடக் கூடாது. ஆறினால் அதை மறுபடி அடுப்பில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். அங்கே ஆள் இருந்தார்கள், ஆனால் காலித் தட்டுகளை எடுக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

முதல் வகுப்பு லவுஞ்ச் என்பது வேறு கணக்கு. வணிக வகுப்புக்கு ஒரு லவுஞ்ச், முதல் வகுப்புக்குத் தனியாக ஒன்று என்று பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் சொந்த ஊரில் பிரித்து வைத்திருக்கின்றன. 1939இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப்தான் இந்த வகை லவுஞ்சுகளுக்கெல்லாம் முன்னோடி. இன்று பிராங்பர்ட்டில் லுஃப்தான்சா முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று ஒரு தனிக் கட்டிடமே வைத்திருக்கிறது, 2004இல் திறந்தது. பாஸ்போர்ட் சோதனை அங்கேயே முடிந்து, காரில் ஏற்றி விமானத்தின் காலடியில் கொண்டுபோய் விடுவார்களாம். சிட்னியில் குவாண்டாஸ் லவுஞ்சுக்குள் சுவர் முழுக்கச் செடி வளர்த்திருக்கிறார்கள், வடிவமைத்தவர் பத்ரிக் பிளான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். பாரிஸில் ஏர் பிரான்சின் முதல் வகுப்பு லவுஞ்சில் அலேன் துகாஸ் என்ற பேர்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் பெயரில் சாப்பாடு. இதெல்லாம் மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டே சொன்னது. அவருக்கு இதில் தீராத ஆர்வம்.

கிளம்பும் முன்பு அவர் எங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னார். "மாமா, ஃப்ளைட்ல ரொம்பச் சாப்பிடாதீங்க. துபாய்ல இறங்கினதும் அத்தையக் கூட்டிக்கிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்க. அங்கதான் அடுப்பு இருக்கு."

அடுப்பு இருக்கு என்ற அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. விமானத்தில் கொடுக்கிற எதுவும் விமானத்தில் சமைத்தது கிடையாது. தரையில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, குளிரவைத்து, அடுக்கி ஏற்றி, மேலே போனதும் ஓவனில் வைத்துச் சூடாக்குகிறார்கள். எவ்வளவு உயர்ந்த வகுப்பானாலும் அடிப்படை இதுதான். அதற்கு மேல் நாக்கும் சதி செய்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பது மாதிரிதான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு உலர்ந்துவிடும், மணம் ஏறாது, உப்பும் இனிப்பும் மங்கிப்போகும். தக்காளி, காளான், சோயா சாஸ் மாதிரியான பொருள்களின் சுவை மட்டும் அவ்வளவாகக் குறையாது. தரையில் சீந்தாத தக்காளிச் சாற்றைச் சிலர் மேலே போனதும் கேட்டு வாங்கிக் குடிப்பது இதனால்தான். ரசத்துக்கு உப்புப் பார்த்தே வாழ்ந்த எனக்கு இது ஒரு பெரிய செய்தி. எந்த ரசமும் ஆகாயத்தில் உப்பில்லாத ரசம்தான்.

பாரிஸிலிருந்து பிற்பகல் விமானம், ஏ380 என்கிற இரண்டு தளப் பெரிய விமானம். முதல் வகுப்பு மேல்தளத்தின் முன்பக்கம், 14 பேருக்குத்தான் இடம். ஒவ்வொருவருக்கும் கதவு வைத்த சிறு அறை மாதிரி. அங்கே குளியலறைகூட இருக்கிறது, ஒருவருக்கு 5 நிமிடம் தண்ணீர் வரும். என் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஆடுற இடத்துல எனக்குக் குளிக்க வேண்டாம்" என்றாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சூப்பும் கொஞ்சம் பழமும் மட்டும் வாங்கிக்கொண்டோம். விமானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை. படுக்கை நீளம், தூக்கம் வந்தது.

துபாயில் இறங்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஜனவரியில் பாரிஸுக்கும் துபாய்க்கும் 3 மணி நேர வித்தியாசம். ஆகவே எங்கள் உடம்புக்கு அப்போது ராத்திரி ஒன்பதரை. மகள் வீட்டில் இருந்தபோது என் மனைவி ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரம் அதுதான். பயணம் முடியும்வரை பாரிஸ் நேரத்தையே பிடித்துக்கொள்ளும்படி அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நேரக் கணக்கு மனதில் இருந்ததால், லவுஞ்சுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த அழகையெல்லாம் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சாப்பாட்டு இடம் எங்கே என்றுதான் கண் தேடியது.

மூன்றாவது முனையத்தில் ஏ என்கிற பகுதி 2013 தொடக்கத்தில் திறந்தது, ஏ380 விமானங்களுக்கென்றே கட்டியது. அதில் ஒரு தளம் முழுக்க முதல் வகுப்பு லவுஞ்ச். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதே ஒரு நடைப்பயிற்சி. அவ்வளவு பெரிய இடத்தில் அங்கங்கே சிலர்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை. வாசலில் இருந்த பெண் எங்கள் பாஸைப் பார்த்துவிட்டு இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "முதலில் குளிக்கிறீர்களா, சாப்பிடுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது. நெடுந்தூரம் வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாமும் அதைத்தானே கேட்போம்?

குளியலை முதலில் முடித்தோம். அறைக்கு வெளியே ஒரு ஆள் துண்டோடு நின்றிருந்தார், உள்ளே தரை உலர்ந்திருந்தது. ஒவ்வொருவர் குளித்து முடித்ததும் தண்ணீரை இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே விடுகிறார்கள். வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கியவர்களுக்குத் தெரியும். சுவரில் பிடி இருந்தது. தலையிலிருந்து கால்வரை வெந்நீர் விழ, அப்படியே நின்றேன். 5 நிமிடக் கணக்கு இல்லை.

அப்புறம் சாப்பாடு. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அங்கே இரண்டு விதமாகச் சாப்பிடலாம். ஒரு பக்கம் வரிசையாக வைத்திருக்கிறார்கள், நாமே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் மேசையில் உட்கார்ந்தால் பட்டியல் கொடுத்து, கேட்டதைச் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். இரண்டாவதுதான் முதல் வகுப்பின் உயிர் என்பது என் எண்ணம். எடுத்துக்கொள்கிற சாப்பாடு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அது எப்போதோ சமைத்து வைத்தது. சொல்லி வருகிற சாப்பாடு நமக்காக அடுப்பு ஏறுகிறது. இதை வெறும் வசதியாக நான் பார்க்கவில்லை. மெஸ்ஸில் ஒரு மனிதர் தோசை கேட்ட பிறகுதான் கல்லில் மாவு விழ வேண்டும் என்று எங்கள் மாஸ்டரிடம் எத்தனையோ காலம் சொல்லிச் சொல்லி வந்தவன் நான்.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி எங்களுக்குப் பரிமாறினாள். நான் பருப்பு சூப்பும், ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை மசியல், கத்தரிக்காய் மசியல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி சாலட் எல்லாம் சேர்ந்த அரபுத் தட்டும் சொன்னேன். என் மனைவி மீன் கேட்டாள். வெண்ணெய் வேண்டாம், சாஸ் வேண்டாம், வெறும் சோறு கொஞ்சம் போதும் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்னங்க, தயிர் இருக்குமான்னு கேளுங்க" என்றாள்.

சூப் வந்தது. தட்டைத் தொட்டுப் பார்த்தேன், தட்டே சூடாக இருந்தது. மசூர் பருப்பு நன்றாகக் குழைந்து, சீரகம் முன்னால் நிற்க, பின்னால் வெங்காயத்தின் இனிப்பு. பெருங்காயம் கிடையாது, பூண்டு லேசாக. மேலே வறுத்த ரொட்டித் துண்டுகள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அரை எலுமிச்சை, மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். பிழிந்தேன். சாறு மட்டும் துணி வழியாக இறங்கியது. ஒரு விதைகூட சூப்பில் விழவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஓரத்தில் பிசிறு இல்லாமல் வெட்டிய துணி, அதைக் கட்ட ஒரு ஆளுக்கு அரை நிமிடமாவது ஆகியிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு, யாரோ ஒருவர் வாயில் விதை அகப்படக் கூடாது என்பதற்காக அந்த அரை நிமிடம். வெகு நேரம் அந்தத் துணியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் பேக்கரியில் நீள ரொட்டி வாங்கி வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு ரொட்டியில் ஒரு பிடிவாதம் உண்டு. மகள் வீட்டுப் பக்கத்து பேக்கரி ரொட்டியை அன்று காலைதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். துபாயில் வைத்த பாகெத் அதற்கு ஈடில்லை, மேலோடு மெத்தென்று இருந்தது. ஆனால் அரபு ரொட்டி அடுப்பிலிருந்து உப்பியபடியே வந்தது, பிய்த்ததும் ஆவி பறந்தது. அந்தந்த ஊரில் அந்தந்த ஊர் ரொட்டியைக் கேட்க வேண்டும்.

என் மனைவியின் மீன் மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் பெண் வந்து குனிந்து கேட்டாள்: "மேடம், நீங்கள் மருந்து எடுத்துக்கொண்ட பிறகா சாப்பாடு வேண்டும்?" மேசை ஓரத்தில் இருந்த ஊசிப் பையை அவள் பார்த்திருக்கிறாள். ஆமாம், ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும் என்றேன். "அப்படியானால் நீங்கள் தலையசைத்த பிறகு மீனை அடுப்பில் வைக்கச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். என் மனைவி ஓய்வறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் மீன் அடுப்புக்குப் போனது.

எங்கள் மெஸ்ஸுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் ராத்திரி வருவார், அவருக்கும் சர்க்கரை. ஊசி போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புவார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் எங்கள் மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றிவிடுவார். ஐந்து மேசை உள்ள கடையில் அது முடியும். ஆயிரக்கணக்கான பேர் கடந்துபோகிற ஒரு விமான நிலையத்தில், இனிமேல் எங்களைப் பார்க்கவே போகாத ஒரு பெண் அதைச் செய்தாள். விமானத்தில் தட்டு வரும்போது நாம் தயாராக இருக்க வேண்டும். இங்கே நாம் தயாரானபோது தட்டு வந்தது. சர்க்கரை நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

மீன் ஹமூர். நம் ஊர்க் களவாவும் அதே குடும்பம்தான், கெட்டியான வெள்ளைச் சதை. தோலோடு சுட்டிருந்தார்கள். தோல் அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக இருந்தது, உள்ளே ஈரம் வற்றவில்லை. தயிருக்குப் பதில் முதலில் லப்னே வந்தது. வடிகட்டிய கெட்டித் தயிர், சோற்றோடு சேரவில்லை. உடனே அந்தப் பெண் ஒரு உயரக் கிளாஸில் லபன் கொண்டுவந்தாள். உப்புப் போட்ட மோர்தான், கொஞ்சம் கெட்டி. என் மனைவி அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கையாலேயே சாப்பிட்டாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, வெள்ளிக் கரண்டிகள், எதுவும் அவளுக்குத் தடையாக இல்லை. பக்கத்து மேசையில் ஒரு அரபுக் குடும்பம் அதேபோல் கையால் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு சின்னக் கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் கை கழுவ வந்தன. கேட்காமலே வந்தன.

எனக்கு ஒரு ஆசை, சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று. சமையலறைக்குள் விட மாட்டார்கள், அது சரிதான், நானும் விட மாட்டேன். ஆனால் சொல்லி அனுப்பியதும் ஒருவர் வெளியே வந்தார். மலப்புறத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினோம். எனக்கு ஒரே ஒரு தொழில் கேள்விதான்: எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் எப்படிச் சரக்கு எடுத்து வைக்கிறீர்கள்? எந்த விமானத்தில் எத்தனை முதல் வகுப்புப் பயணிகள் என்பது முன்பே தெரிந்துவிடுமாம். அடிக்கடி பறந்து உயர்நிலை உறுப்பினர் கார்டு வாங்கி, அந்தத் தகுதியில் வருகிறவர்கள்தான் கணக்கில் பிடிபடாதவர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்குகிறவர்களும் இந்தியா, கிழக்கு நாடுகள் பக்கம் கிளம்புகிறவர்களும் ஒன்றாகச் சேரும் நேரம் நள்ளிரவு. "ராத்திரி பன்னிரண்டிலேருந்து மூணு வரைக்கும்தான் சேட்டா எங்களுக்கு மத்தியானம்" என்றார். முத்தியால்பேட்டையில் மெஸ் வைத்திருந்தேன் என்று சொன்னதும், புதுச்சேரி வடவம் கிடைக்குமா என்று கேட்டார். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் வதுவான் என்று சொல்லி மீனுக்கும் கோழிக்கும் போடுகிறார்களே, அது நம் வடவத்திலிருந்து போனதுதான். வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைப்பதை அவருக்குச் சொன்னேன். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். எத்தனை நாள் வெயில் வேண்டும், ராத்திரி எண்ணெய் தொட்டு மறுபடி உருட்ட வேண்டுமா என்று நுணுக்கமாகக் கேட்டார். நல்ல சமையல்காரர்.

சாப்பிட்டு முடித்து உம் அலி என்கிற இனிப்பு எனக்கு மட்டும் ஒரு கரண்டி. ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்து, பருப்பு வகைகள் போட்டு, ஓவனில் மேல் சிவக்கச் சுடுகிறார்கள். எகிப்துப் பண்டம். என் மனைவி ஒரு பாதாமை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஒயின், ஷாம்பெயின், சுருட்டு எல்லாம் அங்கே உண்டு. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அதுவும் ஒரு சந்தோஷம்தான், மாப்பிள்ளையே ஒயின் கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது தூக்கம். விளக்கு குறைத்த ஒரு அறையில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள், மடித்து வைத்த போர்வைகள். என் மனைவி காலுக்கடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்த உடனே தூங்கிவிட்டாள். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன். போகும்போது விரல் அழுத்தினால் குழி விழுந்த இடத்தில் இப்போது குழி விழவில்லை. நான் தூங்கவில்லை, விமானத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அவசியம் இருக்கவில்லை. நேரமானதும் ஒரு ஊழியர் தானாக வந்து மெல்லிய குரலில் சொன்னார். லவுஞ்சின் உள்ளேயே ஒரு லிஃப்ட், இறங்கினால் நேராக விமானத்தின் வாசல். மறுபடி வெளியே போய்க் கூட்டத்தில் நடக்க வேண்டியதில்லை.

சென்னை விமானத்தில் ஏறியதும் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நாலு மணி நேரம், இருவரும் நன்றாகத் தூங்கினோம். காலை எட்டு மணி வாக்கில் சென்னை. மகன் வண்டி கொண்டுவந்திருந்தான். மகாபலிபுரம் தாண்டும்போது என் மனைவி சர்க்கரை பார்த்துக்கொண்டாள், 138. போகும்போது பாரிஸில் இறங்கியதும் பார்த்த எண்ணை நான் இங்கே எழுத விரும்பவில்லை. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே அவள் மகனிடம் அந்த எலுமிச்சைத் துணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். மெஸ்ஸில் சூப்புக்கு அப்படிச் செய்ய முடியாதா என்று அவன் கேட்டான். இப்போது சனி, ஞாயிறு ராத்திரிகளில் மட்டும் செய்து பார்க்கிறோம். மல் துணி வாங்கி வெட்டி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, வீட்டிலேயே கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம்.

இந்த டிக்கெட் எல்லோருக்கும் அமையாது, எங்களுக்கே அடுத்த முறை அமையுமா தெரியாது. அதனால் சாதாரண வகுப்பில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். துபாயில் மர்ஹபா மாதிரி காசு கொடுத்து நுழைகிற லவுஞ்சுகள் இருக்கின்றன, எந்த வகுப்பு டிக்கெட்டானாலும் போகலாம். வயதானவர்களோடும் சர்க்கரை உள்ளவர்களோடும் போகிறவர்கள் அந்தச் செலவை மருந்துச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் குளியலறை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் முதலில் அதற்குப் பெயர் கொடுங்கள், வரிசை இருக்கும். சாப்பாட்டில் எது அப்போது அடுப்பிலிருந்து இறங்கியதோ அதை மட்டும் எடுங்கள். முட்டை போட்டுத் தருகிறவர் நின்றிருந்தால் நேரே அவரிடம் போங்கள். ஊசி போடுகிறவர்கள் அதைப் பரிமாறுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் உதவாதவர்களை நான் இதுவரை எந்தச் சாப்பாட்டு இடத்திலும் பார்த்ததில்லை.

டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் நடுவில் காத்திருக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும் என்றுதான் தேடுவார்கள். சென்னையில் வசிப்பவர்களுக்கு அது சரி. இறங்கியதும் அரை மணியில் வீடு. நமக்கு இறங்கிய பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலை இருக்கிறது. எங்களுக்கு அன்று கிடைத்தது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதில் குளியலும் சாப்பாடும் திருப்தியாக முடிந்தன, தூக்கம்தான் பாதியில் நின்றுபோனது. கோடைக்கு வரச் சொல்லி மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை எந்த வகுப்பானாலும் பரவாயில்லை, துபாயில் நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்கிற மாதிரி பார்க்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். வடவம் ஒரு டப்பா தனியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது, மலப்புறத்துக்காரருக்கு. லவுஞ்சுக்குள் போக முடியாவிட்டால் வாசலில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்கிறாள் என் மனைவி. வாங்கிக்கொள்வார்களா என்று விசாரிக்க வேண்டும்.